ஊறப்போட்ட உளுந்து

வாகீசனுக்குப் பஞ்சலிங்கத்தின் மேல் இருந்த கோபம் ஒரு மதிலில் தொடங்கியது.

இணுவிலில் அவர்கள் இருக்கும் ஒழுங்கை பெரிய வீதியில் இருந்து இறங்கித் தோட்டவெளிக்குப் போகிறது. அதன் ஓரமாக ஒரு வாய்க்கால் இருந்தது. மாரி வெள்ளம் முழுக்க அந்த வாய்க்காலால் ஓடிப்போய்க் குளத்தில் விழும். பஞ்சலிங்கம் கச்சேரியில் பார்த்த அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்று வந்த கையோடு கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினார். முடக்கில் அந்த மதில் வாய்க்காலுக்கு மேலாலேயே போனது. கேட்டவர்களுக்கு, "ஏன், கீழாலை குழாய் வைச்சிருக்கிறன்தானே?" என்றார். வைத்திருந்தார்தான். அதற்குள்ளால் ஒரு பூனை போகலாம். வெள்ளம் போகாது.

அடுத்த கார்த்திகையில் வாகீசனின் தகப்பன் செத்துப்போனார். விடாத மழை. ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். பிரேத வண்டி உள்ளே வரமாட்டேன் என்று பெரிய வீதியிலேயே நின்றுவிட்டது. தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் ஒருவர் பள்ளத்தில் கால் வைத்துச் சரிந்தபோது தகப்பனின் மாலை கழன்று தண்ணீரில் விழுந்தது. அது மெல்ல மிதந்துபோய்ப் பஞ்சலிங்கத்தின் குழாய் வாயில் சிக்கிக்கொண்டது. வாகீசன் அதை எடுக்கக் குனியவில்லை. அங்கேயே கிடந்து அழுகட்டும் என்று விட்டான்.

அன்றைக்குப் பிறகு அவன் பஞ்சலிங்கத்தோடு கதைக்கவில்லை. வாகீசன் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லான்ட்மாஸ்ரர் என்கிற, பின்னால் பெட்டி பூட்டின இரண்டு சில்லு உழவு மெசின் ஓடுகிறவன். வெங்காயம், எரு, மண், கல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். வாய் கொஞ்சம் கரடு. பஞ்சலிங்கத்தின் கேற்றைத் தாண்டும்போது மட்டும் வேண்டுமென்றே எஞ்சினை முறுக்குவான். புகை மதிலுக்கு மேலால் உள்ளே போகும். வருசக் கணக்காக அவர்களுக்குள் நடந்த கதைபேச்சு அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் செத்தவீட்டில் அவன் மறக்காத இன்னொரு விசயமும் இருந்தது. முற்றம் முழுக்க வெள்ளம், கிரியை செய்ய இடமில்லாமல் எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றபோது, "மில்லுக்குள்ளை கொண்டுவாங்கோ, அதுதான் மேட்டிலை கிடக்கு" என்று ஒரு குரல் கேட்டது. மில் குணலட்சுமி அக்கா. அரைக்கிற மெசினை ஒரு பக்கம் தள்ளி, நிலத்தைக் கழுவித் தந்தார். எவ்வளவு கழுவினாலும் மிளகாய்த்தூள் காற்றில் இருந்தது. கிரியை முடியும்வரை ஐயர் உட்பட எல்லோரும் தும்மினார்கள். அழுகை வராதவனுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. தன் அப்பனை இவ்வளவு பேர் அழுது அனுப்பியதற்கு வாகீசன் இன்றுவரை அக்காவுக்குத்தான் நன்றி சொல்கிறான்.

குணலட்சுமி அக்காவைத் தெரியாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. புட்டுக்கு மா, சரக்குத்தூள், கல்யாணவீட்டுப் பலகாரத்துக்கு உளுந்து, எல்லாம் அந்த மில்லில்தான். தொண்ணூற்றைந்துச் சண்டையில் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, சனம் நகையும் காணி உறுதியும் அள்ளியது. அக்கா மில்லுக்குள் ஓடி, மோட்டரின் பெல்ற்றைக் கழற்றித் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வந்தார். புருசன் சிவசுப்பிரமணியம் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரே?" என்று அவர் கத்த, "மோட்டரைத் தூக்கேலாது. இதைத் தூக்கலாம். தூக்கக்கூடியதைத்தானே தூக்கலாம்" என்றாராம் அக்கா. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, மோட்டரும் இல்லை. அக்கா சுவரில் ஒரு ஆணியைத் தேடிப் பெல்ற்றைக் கொழுவிவிட்டு, "வெறுங்கையோடை தொடங்கேல்லை. பெல்ற் கிடக்கு" என்றார். அந்தப் பழைய பெல்ற் வைரவர் படத்துக்குக் கீழே கடைசிவரை தொங்கியது. புருசன் காலமாகிவிட்டார். மகள் தர்சினி கனடாவில். அக்கா தனியே மில்லை ஓட்டிக்கொண்டு இருந்தார்.

இந்த அக்காவைத்தான் வாகீசன் தேர்தலில் இறக்கினான்.

பிரதேச சபைக்குத் தேர்தல் வருகிறது, பஞ்சலிங்கம் ஒரு பெரிய கட்சியில் கேட்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு நித்திரை வரவில்லை. விடிந்ததும் மில் வாசலில் போய் நின்றான்.

"அக்கா, நீங்கள் கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது?"

"எலெக்சன்."

"எனக்கு இடியப்ப மா வறுக்கக் கிடக்கு. நீ போ."

"ஒரு சுயேச்சைக் குழு பொம்பிளை ஆள் தேடிக்கொண்டு நிக்குது. நீங்கள் வெண்டால் வாய்க்காலைத் திறக்கலாம். உவர் மதிலார் வெண்டால் மிச்ச வாய்க்காலையும் மூடிப்போட்டு மேலாலை ரோஜா நடுவார்."

வாய்க்கால் என்றதும் அக்காவின் கை மாவில் நின்றுவிட்டது. ஒழுங்கைக்குள் எத்தனை பிள்ளைகள் மாரியில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர். ஓம் என்றார்.

குழுவுக்குக் கிடைத்த சின்னம் கேத்தில். வாகீசன் வீடு வீடாக ஏறி இறங்கினான். "வெறுங் கேத்திலோ, தேத்தண்ணியோடையோ?" என்று சனம் பகிடி விட்டது. "வெண்ட பிறகு தேத்தண்ணி" என்றான். தன் லான்ட்மாஸ்ரரின் முன்னால் பழைய கேத்தில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் அது மணிபோல அடித்தது.

ஒழுங்கை முடிகிற இடத்தில் வைரவர் கோயில். சின்னக் கோயில்தான், ஆனால் நேர்த்தி வைத்தால் கேட்பார் என்று பேர். வாகீசன் ஒருநாள் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "வைரவா, கேத்தில் வெண்டால் உனக்கு வடைமாலை."

பக்கத்தில் நின்ற அக்கா கேட்டார்: "ஏனடா, தோத்தால் அவருக்குப் பட்டினியோ?"

"தோக்கமாட்டமக்கா."

"நான் அதைக் கேக்கேல்லை."

வாக்களிப்பு நாள் வந்தது. வெயில் எரித்தது. மத்தியானத்துக்குள் வாகீசனுக்கு நம்பிக்கை தலைக்கு மேல் ஏறிவிட்டது. கண்ட ஆளெல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்ததெல்லாம் கேத்திலுக்குப் புள்ளடி என்று எடுத்துக்கொண்டான். முடிவு அன்று பொழுதுபடவே தெரிந்துவிடும். தெரிந்த கையோடு அரைத்துச் சுட்டு, விடிய மாலை சாத்த வேண்டும். உளுந்து ஊற வேண்டாமா? மில்லின் பெரிய சருவத்தில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றினான்.

"என்னடா சருவத்துக்குள்ளை?"

"உளுந்து."

"ஆருக்கு?"

"வைரவருக்கு."

"இன்னும் ஒரு வோட்டும் எண்ணேல்லை."

"அவருக்குத் தெரியுமக்கா."

அக்கா சருவத்தை எட்டிப் பார்த்தார். "ஊரே தின்னலாம்" என்றார்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது. வாக்கு எண்ணிய பள்ளிக்கூட வாசலில் நின்ற வாகீசன் திரும்பி வரும்போதே பஞ்சலிங்கத்தின் வீட்டு வாசலில் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். கேத்தில் தோற்றுவிட்டது. நிறைய வாக்கால் என்றால் மனம் ஆறும். ஒரு மினிவானில் நெருக்கி ஏற்றக்கூடிய அவ்வளவு சனம்தான் வித்தியாசம்.

அக்கா மில்லுக்குள் இருந்தார். வெடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. முகத்தைக் கழுவித் திருநீறு பூசியிருந்தார், ஆனால் கண் சிவந்துதான் இருந்தது.

"எங்கடை ஒழுங்கைக்குள்ளையே சில பேர் போடேல்லைப்போலை" என்றார்.

"ஆரெண்டு எனக்குத் தெரியுமக்கா. பேரைச் சொல்லட்டோ?"

"வேண்டாம். நாளைக்கு அவைக்கும் மா அரைச்சுக் குடுக்கவேணும்."

வாகீசன் சருவத்தின் காதைப் பிடித்தான். "உந்த உளுந்தை ஆடு மாட்டுக்குக் கொட்டுறன். வைரவர் எங்களுக்கு ஒண்டும் தரேல்லை. அவருக்கு என்னத்துக்கு மாலை?"

"விடடா சருவத்தை."

அப்படி ஒரு குரலை அக்காவிடம் இருந்து அவன் கேட்டதில்லை. விட்டான்.

"உளுந்து ஊறிப்போச்சு. ஆர் வெண்டதெண்டு அதுக்குத் தெரியாது. இனி வைச்சால் புளிச்சுப்போம்." அக்கா எழும்பி மோட்டரின் சுவிச்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கே தொங்கிய பழைய பெல்ற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "நாங்கள் இந்த ஒழுங்கையை விட்டு நடந்த அண்டைக்கு, நீ சின்னப் பெடியன், உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. ஒரு சனமும் திரும்பி வருமெண்டு நான் நினைக்கேல்லை. இண்டைக்கு வோட்டுக் கேட்டு, வோட்டுப் போட்டு, தோத்து, வீட்டை வந்து நிக்கிறன். வெண்டவரும் அங்காலை உயிரோடை இருந்து வெடி கொளுத்துறார். அது வெறும் சீன வெடி, வாகீசா. அந்தச் சத்தத்துக்கு நான் கட்டிலுக்குக் கீழை ஓடேல்லை. இதுக்கு இந்த உளுந்து காணுமோ எண்டுதான் நான் யோசிக்கிறன்."

வாகீசன் கை கையாக உளுந்தை அள்ளி மெசினில் போட்டான். மோட்டர் இரைந்ததில் வெடிச் சத்தம் கேட்காமல் போனது. அவன் மனைவி சிவகௌரி வந்து எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் ஏற்றினாள். மிளகும் உப்பும் போட்டுத் தட்டையாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, முறுகச் சுட்டார்கள். முதல் தாச்சி கருகிவிட்டது. "இது பஞ்சலிங்கத்துக்கு" என்றான் வாகீசன். அக்கா சிரித்துவிட்டார். முடிவு வந்த பிறகு அவர் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

விடிய வைரவருக்கு மாலை சாத்தினார்கள். கழுத்தில் இருந்து பாதம் வரை வடை. ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்: "ஆற்றை பேருக்கு அர்ச்சனை?"

வாகீசன் குணலட்சுமி என்று சொல்ல வாயைத் திறந்தான். அக்கா முந்திவிட்டார்.

"பஞ்சலிங்கம். திருவோண நட்சத்திரம்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பஞ்சலிங்கம்?"

"மதில் பஞ்சலிங்கம்தான்."

"அக்கா, உங்களுக்கென்ன விசரோ?" வாகீசன் கிட்டத்தட்டக் கத்தியே விட்டான்.

"சத்தம் போடாதை, மந்திரம் நடக்குது."

பூசை முடிந்து வெளியில் வந்த பிறகுதான் சொன்னார். "இனி ஒழுங்கையைப் பாக்கவேண்டிய ஆள் அவர். புத்தியும் பலமும் அவருக்குத்தான் வேணும். எனக்கு மா அரைக்கிற அளவுக்குப் பலம் இருக்கு. லான்ட்மாஸ்ரரை எடு. இந்த வடையை அவற்றை வீட்டிலை குடுக்கவேணும். எனக்கு முழங்கால் நோகுது, நடக்கேலாது."

"நான் அங்கை இறங்கமாட்டன்."

"உன்னை ஆர் இறங்கச் சொன்னது? ஓடத்தானே சொன்னனான்."

பெட்டிக்குள் சாக்கைப் போட்டு, வாழையிலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா இருந்தார். முன்னால் கேத்தில் தொங்கி ஆடியது. அதைக் கழற்ற வாகீசனுக்கு மனம் வரவில்லை. பஞ்சலிங்கத்தின் கேற்றடியில் நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை.

சத்தத்துக்குப் பஞ்சலிங்கம் சாரத்தோடு ஓடி வந்தார். வெடிக் கடதாசி முற்றம் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. அவர் முகத்தில் பயம்தான் இருந்தது.

"என்னக்கா, என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி. வைரவருக்கு வடைமாலை. உம்மடை பேரிலைதான் அர்ச்சனை. பிரசாதம் தர வந்தனான்."

பஞ்சலிங்கம் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு, எஞ்சின் இரைச்சலுக்குள்ளும் வாகீசனுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நான் தோத்திருந்தால் இப்பிடி உங்கடை வாசலுக்கு வந்திருக்கமாட்டன் அக்கா."

"அதாலைதான் வைரவர் என்னைத் தோக்க விட்டவர் போலை" என்றார் அக்கா.

பஞ்சலிங்கத்தின் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு கோப்பையை ஒழுங்கைக்கே கொண்டுவந்து வாகீசனிடம் நீட்டினார். உள்ளே இருந்து பஞ்சலிங்கம், "கேத்திலாலைதான் ஊத்தினது, குடிக்கச் சொல்லு" என்றார். வாகீசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். ஆனால் குடித்தான். தேத்தண்ணீர் நல்லாகவே இருந்தது. அது அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வெளிக்கிடும்போது அக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "மாரிக்கு முதல் உந்தக் குழாயை ஒருக்காப் பாரும் தம்பி."

"பாப்பமக்கா" என்றார் பஞ்சலிங்கம்.

ஆடி போனது. ஆவணி போனது. நல்லூர்த் திருவிழாவும் முடிந்தது. சபையில் வென்றவர்கள் தலைவர் கதிரைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பஞ்சலிங்கம் ஒழுங்கை முடக்கில் ஒரு லைற் மட்டும் போடுவித்தார். அக்கா மில்லுக்கு வந்த ஆளுக்கெல்லாம் அந்த லைற்றைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். "வெள்ளம் வாறது வடிவாய்த் தெரியட்டும் எண்டு போட்டிருக்கிறார்" என்றான் வாகீசன். "தெரியட்டுமன்" என்றார் அக்கா. "இருட்டுக்குள்ளை விழுந்ததை விட உது நல்லதுதானே."

புரட்டாசியில் அக்காவின் கால் வீங்கத் தொடங்கியது. பிறகு மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டார். பெரியாஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் கட்டிலில் மறித்துவிட்டார்கள். கார்த்திகை பிறந்த கிழமையே அங்கே கண்ணை மூடினார்.

தர்சினி கனடாவில் இருந்து வந்தாள். முந்தின நாள் முழுக்க மழை அடித்து ஊற்றியிருந்தது. ஆனாலும் பிரேத வண்டி பெரிய வீதியில் நிற்கவில்லை. நேரே ஒழுங்கைக்குள் வந்து, மில் வாசலில் நின்றது. மண் ஈரமாக இருந்ததே தவிரத் தண்ணீர் நிற்கவில்லை. பஞ்சலிங்கத்தின் மதில் முடக்கில் ஒரு துண்டு உடைத்து, ஒரு ஆள் தவழ்ந்து போகக்கூடிய கொங்கிறீற் குழாய் பதித்திருந்தது. அதற்கு மேலே திரும்பக் கட்டிய கல்லு வளைந்து நெளிந்து போனது. கட்டின இரண்டு பேரும் மேசன் இல்லை என்று பார்த்தவுடனேயே தெரியும். அக்காவை ஏற்றிய வண்டி அதைத் தாண்டும்போது வாகீசன் குனிந்து வாய்க்காலைப் பார்த்தான். வண்டியில் இருந்து உதிர்ந்த பூவிதழ்கள் வரிசையாகக் குழாய்க்குள் போய், மற்றப் பக்கத்தால் வெளியே வந்து, குளத்துப் பக்கம் ஓடின. ஒன்றும் சிக்கவில்லை. அவன் மனதுக்குள் அப்பனுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மாரி முடிய அவன் வைரவருக்கு இன்னொரு வடைமாலை சாத்தினான். நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. உளுந்து பஞ்சலிங்கம் வாங்கித் தந்தது. அரைக்க வாகீசன் மில்லைத் திறந்தபோது இரண்டு பேரும் தும்மினார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் எப்படியடா சேர்ந்தீர்கள் என்று ஊரில் இப்போதும் கேட்கிறார்கள். அதற்கு வாகீசன் ஒரு விறைத்த பார்வை பார்ப்பான், அவ்வளவுதான். நடந்தது இது.

அக்கா கண்ணை மூடுவதற்கு முந்தின ஐப்பசியில் ஒரு பின்னேரம் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனான். யன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து இருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறையத் தோடம்பழம்.

"ஆரக்கா தந்தது?"

"பஞ்சலிங்கம். நேற்று வந்தவர். ஒண்டை உரிச்சுத் தின்."

"எனக்கு வேண்டாம்."

"சபைக்குக் காசு வர வாற வருசம் ஆகுமாம். தானே மதிலை உடைச்சுப் பெரிய குழாய் வைக்கிறாராம். குழாயும் வாங்கி வைச்சிட்டாராம்."

"பிறகென்ன, உடைக்கட்டுமன்!"

"ஏத்தி இறக்க வண்டி வேணும். உன்னட்டைக் கேக்க வெக்கப்படுறார். தான் கட்டின மதிலைத் தானே உடைக்க, நீ ஒழுங்கையிலை நிண்டு சிரிப்பியாம்."

வாகீசன் தரையைப் பார்த்தான். சிரித்திருப்பான். அது அவனுக்கே தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

"நான் வெண்டிருந்தாலும் அந்த மதிலைச் சபையாலை உடைப்பிச்சிருப்பன்" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "அவர் வழக்குப் போட்டிருப்பார். நானும் நீயும் கோட்டுக்கு அலைஞ்சிருப்பம். இப்ப அவரே உடைக்கிறன் எண்டுறார். வைரவர் என்னட்டைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யவேணும் எண்டில்லை. நல்லாய்த்தான் செய்திருக்கிறார்."

நேர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றாள். வாகீசன் எழும்பினான். வாசல் வரை போனவனை அக்கா கூப்பிட்டார்.

"வாகீசா."

"என்னக்கா?"

"மழை வரப்போகுது. நாளைக்கு விடியவே போ. ஒழுங்கையிலை நிண்டு எஞ்சினை முறுக்காதை. நிப்பாட்டிப்போட்டு, இறங்கிப்போய்க் கேற்றைத் தட்டு."